ரயில் காலியாகப் போனது ஏன்?

வைகாசி பிறந்தால் நமது குடியிருப்புகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். தார்ப்பாய் விலை ஏறும். மாநகராட்சி ஆள் ஒருவர் வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். மலைச்சரிவில் குடியிருப்போர் மழை தொடங்குமுன் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும், போகாதவர்களுக்கு நேரும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். எழுத்து மராத்தி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். எந்த இடத்துக்குப் போவது, வண்டி யார் தருவார்கள், அங்கே எத்தனை நாள் தங்கலாம், திரும்பி வரும்போது குடிசை நம்முடையதாகவே இருக்குமா என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் இடம் கிடையாது.

2000 ஜூலையில் காட்கோபரில் மலை சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஜூலையில் மலாடில் நீர்த்தேக்கத்தின் சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள்மேல் விழுந்தது. முப்பது உயிருக்கு மேல் போயிற்று. 2021 ஜூலை 18ஆம் தேதி செம்பூரிலும் விக்ரோளியிலும் விடிவதற்குள் ஏறத்தாழ முப்பது பேர். இப்படிச் சாவு விழும்போதெல்லாம் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில் ஒன்று உண்டு: "நாங்கள்தான் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தோமே!"

போ என்று சொல்வதும், போவதற்கு வழி செய்து கொடுப்பதும் ஒன்றா? இந்தக் கேள்வியை உலகத்தின் கண்முன் போட்டு உடைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அது பஞ்சை நாட்டு ஊரல்ல. உலகிலேயே பணக்கார நாடான அமெரிக்காவின் ஊர். பெயர் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஜூலை 26ஆம் தேதி மும்பை மூழ்கியது. அதிலிருந்து முப்பத்து நாலாவது நாள், ஆகஸ்ட் 29ஆம் தேதி, அந்த ஊர் மூழ்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அங்கே நடந்ததை நமது குடும்பங்கள் விவரமாக அறிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறோம். தொலைக்காட்சியில் பார்த்த படம் மறந்திருக்கும். நடந்த விதம் மறக்கத்தக்கதல்ல.

அந்த ஊர் ஒரு கிண்ணம் போல. நடுவே மிசிசிப்பி ஆறு, வடக்கே பெரிய ஏரி, ஊரின் ஏறத்தாழ பாதி கடல் மட்டத்துக்குக் கீழே. கரை கட்டித் தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 4,84,674 பேர். நூற்றுக்கு 67 பேர் கறுப்பின மக்கள். நூற்றுக்கு 28 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குக் கார் கிடையாது. அமெரிக்காவில் கார் இல்லை என்றால் கால் இல்லை என்று அர்த்தம். நம்மைப் போல ஓடிப்போய் லோக்கலைப் பிடிக்கிற ஊரல்ல அது.

புயல் வருவது தெரியாமல் வந்ததா? இல்லை. 2004 ஜூலையிலேயே, இப்படி ஒரு புயல் வந்தால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் ஒன்றுகூடி ஒத்திகை பார்த்தார்கள். 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்தார்கள். ஊர் மூழ்கும், ஏராளமானோர் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வார்கள் என்று அந்த ஒத்திகையே சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு என்ன தயாரித்தார்கள் தெரியுமா? டி.வி.டி. தயாரித்தார்கள். புயல் வந்தால் அரசாங்கம் வந்து அழைத்துப் போகாது, அவரவர் ஏற்பாட்டை அவரவரே செய்துகொள்ளுங்கள் என்று ஏழைகளுக்குப் புத்தி சொல்லும் டி.வி.டி. 2005 ஜூலையில் அவ்வூர்ப் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. நமது சுவர் நோட்டீஸின் அமெரிக்கப் பதிப்பு! அதையும் விநியோகித்து முடிப்பதற்குள் புயல் முந்திக்கொண்டது.

ஆகஸ்ட் 28 ஞாயிறு காலை, எல்லோரும் கட்டாயம் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று மேயர் உத்தரவு போட்டார். கார் உள்ளவர்கள் போனார்கள். சாலைகளில் எதிர்த்தடத்தையும் திறந்துவிட்டு அவர்களுக்கு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. இல்லாதவர்கள்? பள்ளிக்கூட பஸ்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றன. ஓட்டுவதற்கு ஆள் ஏற்பாடு இல்லை. பிறகு அவை கூரை வரை தண்ணீரில் நின்றதை உலகம் முழுவதும் பார்த்தது.

ரயில் கதையைச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் சோறு உண்ணும் எங்களுக்கு அதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. முதல்நாள் சனிக்கிழமை இரவு, வண்டிகளை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக ஆம்ட்ராக் நிறுவனம் ஒரு காலி ரேக்கை ஊரைவிட்டு வெளியே எடுத்தது. பல நூறு பேரை ஏற்றலாம், ஆட்களை அனுப்புங்கள் என்று நகர நிர்வாகத்திடம் சொன்னோம், வேண்டாம் என்றார்கள் என்பது ஆம்ட்ராக்கின் கூற்று. அப்படி யாரும் என்னிடம் சொல்லவே இல்லை என்பது மேயரின் கூற்று. இதில் எவர் பொய் என்று நாம் தீர்ப்பளிக்கப் போவதில்லை. இருவரும் மறுக்காத விஷயம் ஒன்றுதான்: ரயில் காலியாகப் போனது. பெட்டிகள் தப்பின. மனிதர்கள் தங்கினார்கள். ஒரு ரேக்கை வெளியே எடுக்க எத்தனை பேர் எத்தனை தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பெட்டிக்கு நம்பர் இருக்கிறது, அது எங்கே நிற்கிறது என்று பதிவு இருக்கிறது, தொலைந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார். கார் இல்லாத மனிதருக்கு எந்தப் பதிவேட்டில் நம்பர் இருந்தது?

"போகச் சொன்னோம், பிடிவாதமாக இருந்துவிட்டார்கள்" என்று பிறகு பேசினார்கள். நாள் என்ன என்று பாருங்கள். ஆகஸ்ட் 29. மாதக் கடைசி! உதவித்தொகை மாதத் தொடக்கத்தில்தான் வரும். மாதம் 28ஆம் தேதி நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் என்ன கிடக்கும்? அங்கேயும் அதுதான் கிடந்தது. ஓட்டலில் அறை எடுக்க, பெட்ரோல் போட, நாலு நாள் வெளியே சாப்பிடப் பணம் வேண்டும். ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் புயல் வந்ததனால் செத்தவர்கள் உண்டு என்று சொன்னால் மாதச் சம்பளத்தில் வாழாத யாருக்கும் புரியாது. நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும்.

கரைகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. ஊரில் நூற்றுக்கு எண்பது பங்கு மூழ்கியது. அந்தக் கரைகளைக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது என்று 2006இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் இயற்கையின் தலையில் கட்ட வேண்டாம். அந்தப் புயலால் 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2023இல் அதை 1,392 என்று திருத்தினார்கள். லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 75 வயதைத் தொட்டவர்கள், கடந்தவர்கள்.

வெள்ளையர் குடியிருந்த லேக்வியூ பகுதியும் மூழ்கியது. வெள்ளம் நிறம் பார்த்து வரவில்லை. ஆனால் தண்ணீர் வந்த பிறகு ஊருக்குள் நின்றவர்கள் யார்? விளையாட்டு அரங்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல், மாநாட்டு மண்டபத்தில் பல்லாயிரம் பேர், சோறில்லாமல், குடிநீர் இல்லாமல், கழிப்பிடம் இல்லாமல், இறந்தவர்களைப் பக்கத்திலேயே போர்த்தி வைத்துக்கொண்டு நாட்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். மாநாட்டு மண்டபத்தில் மக்கள் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்று பேரிடர் துறைத் தலைவர் மைக்கேல் பிரவுன் செப்டம்பர் 1ஆம் தேதி தொலைக்காட்சியில் சொன்னார். அதே தொலைக்காட்சி அந்த மக்களைக் காட்டிக்கொண்டிருந்தது. இவர் அதற்குமுன் அரபுக் குதிரைச் சங்கம் ஒன்றில் பதவி வகித்தவர் என்பதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறோம். அந்த மாதம் 12ஆம் தேதி பதவி விலகினார்.

அதே நாட்களில் பட்டினி கிடந்த ஒரு கூட்டம் ஆற்றுப் பாலத்தின் மீது நடந்து அக்கரைக்குப் போகப் பார்த்தது. அக்கரையில் கிரெட்னா. அங்கே பெரும்பான்மையினர் வெள்ளையர். ஊர் காய்ந்து கிடந்தது. போலீஸார் பாலத்தின்மேல் துப்பாக்கியோடு நின்று, தலைக்கு மேலே சுட்டு, திருப்பி அனுப்பினார்கள். இதற்காக எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதம் இல்லாத கறுப்பர்கள் ஆறு பேரை நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் சுட்டது, இருவர் மாண்டனர். அது நீதிமன்றத்துக்குப் போய், போலீஸார் குற்றத்தை ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று. பத்திரிகைகளும் சும்மா இருக்கவில்லை. கடையிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டு நெஞ்சளவு நீரில் போகிறவர் வெள்ளையரானால் 'கண்டெடுத்தார்' என்றும், கறுப்பரானால் 'சூறையாடினார்' என்றும் இரண்டு படங்களுக்கு அடியில் அச்சடித்தார்கள். பசிக்குக்கூட நிறம் உண்டு போலும்!

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மேயர் ரே நேகின் ஒரு கறுப்பர். நம்மவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நம் குறை தீர்ந்துவிடும் என்று நம்புகிற தோழர்கள் நம்மிடையே நிறைய உண்டு. வார்டுக்கு ஒரு தமிழ் நகரசேவகர் வேண்டும் என்று நாமும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். நாற்காலியில் இருப்பவரின் நிறம் மாறினாலும், அவர் மேஜையில் இருக்கிற பட்டியல் மாறாவிட்டால் பஸ் வராது.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்ததுதான் நமக்கு அதிகம் பாடமாகும். வீடு இழந்தவர்களுக்கு உதவ 'ரோடு ஹோம்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். வீட்டுக்காரருக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். கேட்பதற்கு நன்றாக இருக்கிறதல்லவா? கணக்குப் போட்ட விதத்தைக் கேளுங்கள். புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை எவ்வளவு, திரும்பக் கட்டுவதற்கான செலவு எவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதைத்தான் அடிப்படையாக வைத்துக் கொடுத்தார்கள். உதாரணத்துக்கு இரண்டு வீடுகள். ஒரே அளவு, ஒரே மரம், ஒரே ஆணி. ஒன்று வெள்ளையர் தெருவில், மற்றது கறுப்பர் தெருவில். கறுப்பர் தெரு என்ற ஒரே காரணத்தால் அதன் சந்தை விலை பாதி. கொத்தனாரும் தச்சரும் இரண்டு வீட்டிலும் ஒரே கூலிதான் கேட்பார்கள். வெள்ளைக்காரர் பணத்தை வாங்கிக் கட்டிக்கொள்வார். கறுப்பர் பாதிச் சுவரோடு நிற்பார். அந்தத் திட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. தேவைப்படவும் இல்லை. வழக்குப் போட்டார்கள், 2011இல் சமரசமாகி 6 கோடியே 20 லட்சம் டாலர் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பணம் வந்தால் எத்தனை குடும்பம் மிச்சம் இருக்கும்? கறுப்பர்கள் சொந்த வீட்டில் வாழ்ந்து வந்த லோயர் நைன்த் வார்டு என்ற பகுதியில் பல தெருக்களில் புல்தான் முளைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் கையில் எதுவும் இல்லை. அரசாங்கம் கட்டிய ஏழைகளின் குடியிருப்புகளில் நாலு பெரிய தொகுதிகளை, ஏறத்தாழ 4,500 வீடுகளை, இடித்துவிட 2007 டிசம்பரில் நகரசபை ஓட்டுப் போட்டது.

கூலியும் தப்பவில்லை. புயல் அடித்துப் பத்தே நாளில், செப்டம்பர் 8ஆம் தேதி, அரசாங்க வேலைக்கு ஊர்க்கூலியைக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தைப் புயல் பகுதிகளில் ஜனாதிபதி புஷ் நிறுத்திவைத்தார். எதிர்ப்பு கிளம்பி இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது. மலிவான ஆட்களைத் தேடி ஒப்பந்தக்காரர்கள் கடல் தாண்டினார்கள். நம் நாட்டுக்கும் வந்தார்கள்! சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனிக்காக ஏறத்தாழ ஐந்நூறு வெல்டர்களும் குழாய் பொருத்துவோரும், அவர்களில் பலர் கேரளத்துக்காரர்கள், 2006 முதல் மிசிசிப்பிக்கும் டெக்சாஸுக்கும் போனார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான 'கிரீன் கார்டு' வாங்கித் தருவதாகச் சொல்லி ஆளுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் டாலர் வரை தரகர்கள் கறந்தார்கள். போன இடத்தில் ஒரே கொட்டகைப் பெட்டியில் 24 பேர். அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். 2008 மார்ச்சில் அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து, வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஐந்து பேருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் தீர்ப்பாயிற்று. கம்பெனி அந்த ஆண்டே திவால் மனுப் போட்டது. உள்ளூர்க் கறுப்பரை ஊருக்குத் திரும்ப விடாமல் செய்து, வெளியூர் ஏழையை அந்த இடத்தில் அரைக்கூலிக்கு நிறுத்தும் வித்தை இது. மும்பைக்கு வந்த ஏழை எதற்காக அழைக்கப்பட்டான், எப்போது 'மதராசி' ஆக்கப்பட்டான் என்பதை 1966க்குப் பிந்தைய நாட்களைக் கண்ட நமது பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் இருபத்து நாலு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்றைக்குக் கொலாபாவில் வெறும் 74 மில்லிமீட்டர்தான். வண்டிகள் நின்றன, ஜனங்கள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் நடந்தார்கள். மகாராஷ்டிரம் முழுவதும் ஆயிரத்துக்கு மேல் சாவு. மும்பையின் மனஉறுதி என்று பத்திரிகைகள் நம்மைத் தூக்கிவைத்துப் பாராட்டின. அதற்கு ஆறேழு மாதம் முன்புதான், 2004 கடைசியிலும் 2005 தொடக்கத்திலும், எண்பதாயிரத்துக்கும் அதிகமான குடிசைகளை புல்டோசரால் இடித்துத் தள்ளியிருந்தார்கள் என்பதை அந்தப் பாராட்டுரைகள் சொல்லவில்லை. 2000 வரை வந்தவர்களுக்குப் பாதுகாப்பு என்று 2004 தேர்தலில் ஓட்டு வாங்கிவிட்டு, 1995 ஜனவரி 1 என்ற பழைய தேதிக்கே திரும்பிய ஆட்சி அது. தார்ப்பாயின் கீழ் கிடந்தவர்கள் தலையில்தான் அந்த 944 மில்லிமீட்டர் இறங்கியது. பிறகு மித்தி ஆறு ஏன் பொங்கியது என்று ஆராய்ந்தார்கள். ஆற்றை மறித்து விமான ஓடுபாதை இருக்கிறது. சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. கரையிலிருந்து எதை அகற்றினார்கள்? குடிசைகளை.

தமிழ்நாட்டிலும் கணக்கு சுத்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் படகு வைத்திருந்தவர்களை வைத்தே நிவாரணம் கணக்கிடப்பட்டதால், கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. முகாமிலும் ஒதுக்கல். பிணங்களை அகற்ற மட்டும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள், அவர்களும் தலித்துகள், லாரியில் வரவழைக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் நிறம் செய்த வேலையை நம்மூரில் சாதி செய்தது.

பணம் இல்லை, ஜனத்தொகை அதிகம், என்ன செய்வது என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரிசாவைக் காட்ட விரும்புகிறோம். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். நாட்டிலேயே ஏழை மாநிலங்களில் ஒன்று அது. ஆனால் அதன்பின் கடலோரத்தில் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள். ஊருக்கு ஊர் ஆட்களைப் பழக்கினார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயலுக்கு முன் ஏறத்தாழ பத்து லட்சம் பேரையும், 2019 மே மாதம் ஃபானி புயலுக்கு முன் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேரையும் வெளியேற்றினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. அங்கே யாரும் கார் இருக்கிறதா என்று கேட்கவில்லை; பஸ் வந்து நின்றது, சோறு சமைத்திருந்தது. அமெரிக்காவிடம் இல்லாத எந்தப் பணம் ஒரிசாவிடம் இருந்தது?

ஆகவே நமது சங்கம் இந்த ஆண்டு மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கும்போது நிவாரணத்தைப் பற்றி மட்டும் பேசப் போவதில்லை. ஒட்டுகிற நோட்டீஸில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெருமுனையில் எத்தனை மணிக்கு வண்டி என்று எழுது என்கிறோம். அதைத் தமிழிலும் இந்தியிலும் உருதுவிலும் எழுது என்கிறோம். வெள்ளம் வடிந்து பஞ்சநாமா எழுத வரும்போது, அந்த இரவு அந்த அறையில் படுத்திருந்தவர் யார் என்று கேட்டு எழுது. 2000க்கு முன் வந்தாயா, 2011க்கு முன் வந்தாயா என்று கேட்காதே என்கிறோம். தண்ணீர் தேதி கேட்டு உள்ளே நுழைவதில்லை. நம்மில் பலருக்கு அட்டை ஊரில், உடல் இங்கே. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை வந்த பிறகு அரிசி வாங்கலாம், சரி. வெள்ளத்தில் போன தையல் மிஷினுக்கும் இட்லிச் சட்டிக்கும் அந்த அட்டை பேசாது. கீழ் அறைக்காரர் பெயரில் பஞ்சநாமா எழுதப்பட்டு, மாடியில் வாடகைக்கு இருந்தவர் வெறுங்கையோடு போவதை நாம் பலமுறை பார்த்தாயிற்று. அந்தக் கீழ் அறைக்காரர் நம் தமிழராக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மனுவோடு ஒரு பட்டியலும் போகிறது. அதை நாமே தயாரிக்கிறோம். சந்துக்குச் சந்து, நடக்க முடியாதவர், தனியாக இருக்கும் முதியவர், ஜூன் முதல் செப்டம்பர் வரை பிரசவத் தேதி உள்ள தாய்மார், டயாலிசிஸுக்குப் போகிறவர், தொட்டில் பிள்ளை உள்ள வீடு. பெயர், அறை எண், தூக்கிக்கொண்டு போகப் பொறுப்பேற்கும் பக்கத்து வீட்டு இளைஞர் இருவரின் பெயர். படிவம் சங்க அலுவலகத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் கிடைக்கும். ஜூன் 10ஆம் தேதி வாக்கில் மழை இறங்கிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நிரப்பித் தந்துவிடுங்கள். மாடி அறைகளில் வாடகைக்கு இருப்போரையும், நம்மோடு ஒரே சந்தில் வாழும் பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்களையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.